அடுத்தவரின் தபால் வாக்கை யார் கையில் எடுக்கலாம்? பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தோருக்கான வழிகாட்டி

பிரித்தானியாவில் தேர்தலுக்கு இரண்டு அல்லது மூன்று வாரங்கள் இருக்கையில், தபால் வாக்குக்கு விண்ணப்பித்தவர்களின் வீட்டுக் கதவுத் துளை வழியே கவுன்சிலிலிருந்து ஒரு தடித்த கடித உறை வந்து விழும். அந்த உறையை வாக்காளரே பிரித்து, வாக்காளரே அடையாளமிட்டு, வாக்காளரே ஒட்டி அனுப்பிவிட்டால் சிக்கலுக்கு இடமே இல்லை. ஆனால் எங்கள் வீடுகளில் அப்படி நடப்பது குறைவு. மூட்டுவலியோடு இருக்கும் மாமி தன் உறையைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுக்கிறார். கோயிலுக்குப் போகும் ஒருவர் நான்கு வீட்டு உறைகளைச் சேர்த்து எடுத்துச் செல்கிறார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தாத்தாவுக்குப் பேத்தி எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுக்கிறாள். இவற்றுள் எது சட்டத்துக்கு உட்பட்டது, எது வாக்கைச் செல்லாததாக்கும், எது குற்றமாகும் என்பதை இந்தக் கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

ஊரிலிருந்து வருபவர்களுக்கு இந்த முறையே புதிது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இலங்கையில் தபால்மூல வாக்களிப்பு என்பது அரச உத்தியோகத்தர்கள், பொலிஸார், படையினர், தேர்தல் கடமையில் ஈடுபடுவோர் போன்றவர்களுக்கு உரியது. அவர்களும் தமது பணியிடத்திலேயே, ஓர் அதிகாரியின் முன்னிலையில், குறித்த நாளில் அடையாளமிடுகிறார்கள். இந்தியாவில் 85 வயதைக் கடந்தவர்களும் குறிப்பிட்ட அளவு மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்றாலும், அப்போது தேர்தல் அலுவலர்கள் வீடு தேடி வருகிறார்கள். பிரித்தானியாவிலோ காரணம் எதுவும் சொல்லாமல் யாரும் தபால் வாக்குக் கேட்கலாம். வாக்குச் சீட்டு சமையலறை மேசைக்கே வந்து சேர்கிறது. அங்கே மேற்பார்வை செய்ய எந்த அதிகாரியும் இல்லை. ஆகவே அந்த மேசையிலிருந்து எண்ணும் மண்டபம் வரை உறை யார் யார் கைகளில் போகலாம் என்பதற்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது.

இங்கே சொல்லப்படும் விதிகள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகியவற்றில் நடைபெறும் பிரித்தானிய நாடாளுமன்றத் தேர்தலுக்கும், இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தல்களுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் சொந்தச் சட்டமன்றங்களுக்கும் அங்குள்ள கவுன்சில்களுக்கும் நடக்கும் தேர்தல்களுக்கு வேறு விதிகள் உள்ளன. வட அயர்லாந்தின் நடைமுறையும் வேறு. அங்கே வசிப்பவர்கள் தமது தேர்தல் அலுவலகத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விதி ஏன் இவ்வளவு கடுமையானது

பிரித்தானியாவில் காரணம் சொல்லாமலே தபால் வாக்குப் பெறும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது. நான்கே ஆண்டுகளில் அதன் பலவீனம் வெளிப்பட்டது. 2004 ஜூனில் பேர்மிங்ஹாம் நகரில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் ஆஸ்டன், போர்ட்ஸ்லி கிரீன் ஆகிய இரு வட்டாரங்களில் தபால் வாக்குகள் திரட்டப்பட்டு, மாற்றப்பட்டு, கூட்டாக நிரப்பப்பட்டன என்ற முறைப்பாட்டை விசாரித்த, தேர்தல் வழக்குகளுக்கான நீதிமன்றத்தின் ஆணையாளர் ரிச்சர்ட் மோரி, 2005 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பில் ஆறு உறுப்பினர்களின் வெற்றியை இரத்துச் செய்தார். அங்கே கிடைத்த சான்றுகள் ஒரு ‘வாழைப்பழக் குடியரசையே’, அதாவது ஊழல் மலிந்த ஒரு நாட்டையே, வெட்கப்பட வைக்கும் என்று அவர் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் பின்னரே, தபால் வாக்காளர் தமது கையொப்பத்தையும் பிறந்த திகதியையும் தர வேண்டும் என்ற ஏற்பாட்டை 2006ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்தது. 2014இல் கிழக்கு இலண்டனின் டவர் ஹம்லெட்ஸில் நடந்த மேயர் தேர்தலையும் அடுத்த ஆண்டு அதே மோரிதான் செல்லாததாக்கினார். அந்த வழக்கைத் தொடர்ந்து, முன்னாள் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் 2016இல் அளித்த பரிந்துரைகளின் வழியில் 2022ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம் பிறந்தது. பிறருடைய தபால் வாக்குகளைக் கையாள்வது பற்றிய அதன் விதிகள் 2024 மே 2 முதல் நடைமுறையில் உள்ளன.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டுப்பாடு ஏன் என்று தெரியாதவர்கள், “உதவி செய்யப் போனவனையே சந்தேகப்படுகிறார்கள்” என்று மனம் நோகிறார்கள். உண்மையில், நெருங்கிய சமூகங்களில் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையே அந்த வழக்குகளில் கருவியாகப் பயன்பட்டது. அந்தச் சமூகங்களுக்கும் எங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது என் கருத்து.

முதலாவது படி: பெயர் இடாப்பில் இருக்கிறதா

வாக்குரிமை பெறப் பிரித்தானியக் குடியுரிமை எடுத்திருக்க வேண்டும் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை பொதுநலவாய நாடுகள் ஆகையால், அவற்றின் குடிமக்கள் செல்லுபடியான வதிவிட அனுமதியோடு இங்கே வசித்து, 18 வயதை எட்டியிருந்தால், நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். பிரான்ஸ், ஜேர்மனி போன்ற நாடுகளின் கடவுச்சீட்டோடு வந்த தமிழர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை. 2020 முடிவதற்கு முன்பிருந்தே இங்கு சட்டபூர்வமாக வசிப்பவர்களாயின் இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம்.

வாக்காளர் இடாப்பில் பெயர் பதிவதற்கு வாக்களிப்பு நாளுக்கு 12 வேலைநாட்கள் முன்வரையும், தபால் வாக்குக் கேட்பதற்கு 11 வேலைநாட்கள் முன் மாலை 5 மணி வரையும் அவகாசம் உண்டு. தபால் வாக்கு விண்ணப்பத்தை இணையத்திலோ தாளிலோ செய்யலாம். பிறந்த திகதி, நஷனல் இன்ஷூரன்ஸ் இலக்கம், கையொப்பம் ஆகியவை கேட்கப்படும். இணையத்தில் செய்பவர்கள் வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் கையொப்பமிட்டு, அதைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று கவனிக்க வேண்டும். என் மாமனார் வாழ்நாள் முழுவதும் தமிழில் கையொப்பமிட்டவர். கவுன்சில் விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்ததால், மரியாதைக்காக அதில் ஆங்கில எழுத்துக்களில் ஒவ்வொன்றாகக் கோத்து எழுதினார். தேர்தலின்போது உறை வந்ததும் வழக்கம் போலத் தமிழில் கையொப்பமிட்டார். அந்த இரண்டையும் ஒப்பிட்ட இயந்திரத்துக்கும் அலுவலருக்கும் அவை இரு வேறு மனிதர்களின் கையெழுத்தாகவே தெரிந்திருக்கும். தமிழில் கையொப்பமிடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. விண்ணப்பத்தில் எப்படியோ அப்படியே பின்னரும் இருக்க வேண்டும் என்பதே விதி. பக்கவாதம், கைநடுக்கம் போன்ற காரணங்களால் ஒரே சீராகக் கையொப்பமிட முடியாதவர்கள், கையொப்ப விலக்குக் கோரி விண்ணப்பிக்கலாம். அவர்களுக்குப் பதிலாக மகனோ மகளோ “அப்பாவின் கையெழுத்துத்தானே” என்று போட்டுவிடக் கூடாது. அது உதவியன்று, கள்ளக் கையொப்பம்.

விண்ணப்பத்தில் உறை அனுப்ப வேண்டிய முகவரி என்று ஓர் இடம் இருக்கும். அங்கே வாக்காளர் தாமாக விரும்பிய முகவரி மட்டுமே இருக்க வேண்டும். “எல்லோருடையதையும் ஒரே இடத்துக்கு எடுத்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று யாராவது தமது முகவரியை எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தபால் வாக்கு ஒருமுறை அனுமதிக்கப்பட்டால் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது படி: மேசையில் உறையைப் பிரிக்கும்போது

பொதியினுள் வாக்குச் சீட்டு, உறுதிமொழித் தாள், ‘ஏ’ என்று குறித்த சிறிய உறை, ‘பி’ என்று குறித்த பெரிய உறை ஆகியவை இருக்கும். வாக்குச் சீட்டில் அடையாளமிட்டு அதை ‘ஏ’ உறையில் வைத்து ஒட்ட வேண்டும். உறுதிமொழித் தாளில் பிறந்த திகதியும் கையொப்பமும் இட வேண்டும். ஒட்டிய ‘ஏ’ உறையையும் அந்தத் தாளையும் சேர்த்து ‘பி’ உறையில் வைத்து ஒட்ட வேண்டும். ஒரே வீட்டில் நான்கு பேருக்குப் பொதி வந்திருந்தால், ஒருவர் முடித்து ஒட்டிய பிறகே அடுத்தவருடையதைப் பிரிக்கும்படி நான் எப்போதும் சொல்வேன். கணவனின் தாள் மனைவியின் உறைக்குள் போய்விட்டால் இரண்டு வாக்குகளும் சிக்கலுக்குள்ளாகும். பிறந்த திகதி எழுத வேண்டிய கட்டத்தில் அன்றைய திகதியை எழுதிவிடுவது இன்னொரு வழக்கமான பிழை.

வாசிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டலாம். வேட்பாளர்களின் பெயர்களையும் கட்சிச் சின்னங்களையும் தமிழில் சொல்லலாம். எந்த உறைக்குள் எது போக வேண்டும் என்று காட்டலாம். ஆனால் யாருக்கு வாக்களிப்பது என்ற முடிவு அவருடையதாகவே இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுச் சட்டம் வாக்களிப்பு நிலையத்திலுள்ள இரகசியப் பாதுகாப்பைத் தபால் வாக்குக்கும் விரித்திருக்கிறது: ஒருவர் தபால் வாக்கில் அடையாளமிடும்போது யாருக்கு இடுகிறார் என்று எட்டிப் பார்த்து அறிய முயல்வதும், அறிந்ததைப் பிறரிடம் சொல்வதும் குற்றம். குடும்பத்தலைவர் எல்லோருடைய சீட்டையும் வாங்கி ஒரே பேனையால் அடையாளமிடும் பழக்கம் எந்த வீட்டிலாவது இருந்தால், அது அன்றோடு நிற்க வேண்டும்.

மூன்றாவது படி: உறையை யார் கொண்டு போவது

ஒட்டிய ‘பி’ உறையைச் சேர்ப்பிக்க மூன்று வழிகள் உள்ளன. தபாற்பெட்டியில் போடலாம், முத்திரை தேவையில்லை. வாக்களிப்பு நாளன்று இரவு 10 மணிக்கு முன் உங்கள் தொகுதிக்குரிய வாக்களிப்பு நிலையத்தில் கையளிக்கலாம். அல்லது தெரிவத்தாட்சி அலுவலரின் அலுவலகத்தில், அதாவது நடைமுறையில் கவுன்சிலின் தேர்தல் பிரிவில், அதற்குப் பொறுப்பான அலுவலரிடம் நேரில் கொடுக்கலாம்.

தபாற்பெட்டி வழியே அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் எளியது. கட்சிப் பணியில் ஈடுபடாத ஒரு சாதாரண மனிதர், அயலவர்களின் ஒட்டிய உறைகளைத் தெரு முனையில் உள்ள சிவப்புப் பெட்டியில் போடுவதற்கு எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை. எண்ணிக்கை வரம்பு கையளிப்பதற்கு மட்டுமே உரியது. இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆனால் தபால் போய்ச் சேர நாட்கள் எடுக்கும். 2024 ஜூலை 4 பொதுத் தேர்தலின்போது பல இடங்களில் பொதிகளே தாமதமாகத்தான் வாக்காளர்களின் கைக்கு வந்தன. வாக்களிப்பு நாளுக்கு இரண்டு மூன்று நாட்களே இருந்தால் தபாற்பெட்டியை நம்பாமல் கையளிப்பதே நல்லது.

கையளிப்பதற்கான விதி இது. ஒருவர் தமது தபால் வாக்கோடு மேலும் ஐந்து பேருடைய தபால் வாக்குகளை மட்டுமே கையளிக்கலாம். அதற்குரிய படிவத்தை அங்கேயே நிரப்ப வேண்டும்: கையளிப்பவரின் பெயர், முகவரி, எத்தனை பேருடைய வாக்குகள், ஏன் அவற்றைக் கொண்டு வந்தார், தாம் வரம்பை மீறவில்லை, தடைசெய்யப்பட்ட பிரசாரகர் அல்லர் என்ற உறுதிமொழி ஆகியவை அதில் இருக்கும். தம்முடைய ஒரேயொரு வாக்கைக் கையளிப்பவரும் படிவத்தை நிரப்பவே வேண்டும். புகைப்பட அடையாள அட்டை இதற்குத் தேவையில்லை. படிவம் நிரப்பாமல் உறையை மேசையில் வைத்துவிட்டுப் போனால் அந்த வாக்கு நிராகரிக்கப்படும். ஐந்துக்கு மேற்பட்ட பிறருடைய வாக்குகளைக் கையளித்தால், ஐந்து எண்ணப்பட்டு மிச்சம் விடப்படும் என்று நினைக்க வேண்டாம். கையளித்தவரின் சொந்த வாக்கைத் தவிர மற்ற எல்லாமே நிராகரிக்கப்படும். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று பிரித்துக் கொடுப்பதும் முடியாது.

கவுன்சில் கட்டடத்தின் கதவுத் துளையில் போட்டுவிட்டு வருவதும் கூடாது. வரிக் கட்டணக் கடிதங்களை அங்கே போட்டுப் பழகியவர்கள் இந்தத் தவறைச் செய்கிறார்கள். அலுவலரின் கையில் படிவத்தோடு போய்ச் சேராத உறை எண்ணப்படாது.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வாக்களிப்பு நாளுக்கு முதல் நாள் மாலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போயிருந்தேன். மேசையில் புட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் எட்டுக் கடித உறைகள் இறப்பர் பட்டியால் கட்டிக் கிடந்தன. தன்னுடையது ஒன்று, மிகுதி ஏழும் பஜனைக்கு வரும் முதியவர்களுடையவை என்றார். மறுநாள் காலை வாக்களிப்பு நிலையத்தில் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். அப்படியே கொண்டு போயிருந்தால் அந்த ஏழு பேரின் வாக்கும் குப்பைக்குப் போயிருக்கும், அவருடையது மட்டும் எண்ணப்பட்டிருக்கும். தபாற்பெட்டிக்கோ காலம் பிந்திவிட்டது. கடைசியில் அவர் தம்முடையதோடு நான்கு உறைகளை எடுத்துக்கொண்டார். அவருடைய மனைவி மற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டார். இருவரும் தனித்தனியே படிவம் நிரப்பிக் கையளித்தார்கள். வரம்பு ஆளுக்கு ஆள் தனியானது என்பதால் இது முற்றிலும் சட்டப்படியானது. கட்டைப் பிரித்தபோது ஓர் உறை ஒட்டப்படாமல் இருந்ததையும் கண்டோம். அதை அவர் ஒட்டவில்லை. உரியவரின் வீட்டுக்கு நடந்து போய் அவர் கையாலேயே ஒட்டுவித்து வந்தார். அது சரியான செயல் என்றே நினைக்கிறேன்.

பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்பவர்களும் இதே எண்ணிக்கையை நினைவில் வைத்திருக்க வேண்டும். பன்னிரண்டு முதியவர்களின் உறைகளை ஒரு பணியாளர் வாக்களிப்பு நிலையத்துக்கு எடுத்துச் சென்று கையளிக்க முடியாது. அவற்றை ஒரு வாரம் முன்பே தபாலில் சேர்ப்பதே வழி.

நான்காவது படி: பிரசாரகர் என்றால் யார்

இதுவரை சொன்னவை கட்சி அரசியலில் இல்லாதவர்களுக்குரியவை. தேர்தல் பிரசாரத்தில் ஈடுபடுபவர் என்றால் கதை வேறு. பிரசாரகர் ஒருவர் பிறருக்கு வழங்கப்பட்ட தபால் வாக்கு ஆவணங்களைக் கையாள்வதே குற்றம். ஒன்று என்றாலும் குற்றம்; ஒட்டிய உறையை வாங்கித் தபாற்பெட்டியில் போடுவதும் இதில் அடங்கும். அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

வேட்பாளர், அவருடைய தேர்தல் முகவர், உதவி முகவர் ஆகியோர் பிரசாரகர்கள் என்பது சொல்லாமலே விளங்கும். அதோடு நின்றுவிடவில்லை. வேட்பாளருக்காகவோ கட்சிக்காகவோ பிரசாரப் பணியில் அமர்த்தப்பட்டவர்களும், ஒரு கட்சியின் உறுப்பினராக இருந்துகொண்டு குறித்த ஒரு தேர்தல் முடிவை வரவைப்பதற்கான வேலையில் இறங்குபவர்களும் இதற்குள் வருகிறார்கள். சம்பளம் வாங்காத தொண்டர் என்பது தப்பிக்க வழியாகாது. சனிக்கிழமை காலையில் கட்சித் துண்டுப் பிரசுரங்களைத் தெருத் தெருவாகப் போடும் உங்கள் நண்பர், அதே நடையில் முதியவர் ஒருவரின் உறையையும் வாங்கிக்கொண்டு போவது நல்ல மனத்தோடு செய்த குற்றமாக முடியும். கட்சியில் இல்லாமல், நண்பர்களிடம் இன்னாருக்குப் போடுங்கள் என்று பேச்சுவாக்கில் சொல்பவர் அதனாலேயே பிரசாரகர் ஆகிவிடுவதில்லை. இருந்தும், கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று ஐயமுள்ளவர் உறையைத் தொடாமலிருப்பதே நல்லது.

பிரசாரகருக்கும் சில விலக்குகள் உண்டு. தபால் சேவை, தேர்தல் நடத்துதல் போன்ற தமது கடமையின் பகுதியாகக் கையாள்பவர்களுக்கு இத்தடை இல்லை. நெருங்கிய குடும்பத்தினரின் உறையையும், தாம் முறையாகப் பராமரிக்கும் ஒருவரின் உறையையும் அவர் கையாளலாம். இங்கேதான் தமிழ்க் குடும்பங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். சட்டம் நெருங்கிய குடும்பம் என்று எண்ணிச் சொல்லியிருப்பவர்கள்: கணவன் அல்லது மனைவி, பதிவு செய்த வாழ்க்கைத் துணை, தம்பதியாகச் சேர்ந்து வாழ்பவர், தாய் தந்தை, பாட்டன் பாட்டி, சகோதரர் சகோதரி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பட்டியல் அவ்வளவே.

மாமனார் அதில் இல்லை. மாமியார் இல்லை. மருமகன், மருமகள், சித்தப்பா, பெரியம்மா, அத்தை, மச்சான் யாரும் இல்லை. நாம் ‘அண்ணா’ என்று அழைக்கும் பெரியப்பா மகன், எங்கள் மொழியில் அண்ணனே ஆனாலும், அந்தச் சட்டத்தின் கண்ணில் சகோதரர் அல்லர். எனவே கட்சித் தொண்டரான ஒரு மருமகன், ஒரே வீட்டில் வசிக்கும் தன் மாமியாரின் உறையை எடுத்துச் சென்று தபாற்பெட்டியில் போட முடியாது. அவருடைய மனைவி போடலாம், ஏனெனில் அது அவருடைய தாயின் உறை. ஆனால் அந்த மருமகனே மாமியாரை நாள்தோறும் பராமரிப்பவராக இருந்தால் விலக்குக்குள் வருவார். உறவின் பெயரைப் பற்றிய இந்தக் கணக்கு, சாதாரண மனிதர் ஒருவரை எவ்விதத்திலும் கட்டுப்படுத்தாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கட்சி வேலை செய்யாத மருமகன் தன் மாமியாரின் உறையையும் சித்தப்பாவின் உறையையும் ஐந்து என்ற வரம்புக்குள் தாராளமாகக் கையளிக்கலாம்.

விலக்குள்ள பிரசாரகரும் நேரில் கையளிக்கும்போது அதே ஐந்து என்ற வரம்புக்கும் அதே படிவத்துக்கும் கட்டுப்பட்டவரே.

வாசலில் ஒருவர் வந்து, “உங்களுடைய தபால் வாக்கு முடிந்துவிட்டதா, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்” என்று கேட்டால், “நாங்களே போட்டுக்கொள்கிறோம்” என்று சொல்லி அனுப்பிவிடுவதே போதும். அவர் கோயிலில் அறிமுகமானவராகவோ ஊர்ச் சங்கத்தில் பதவி வகிப்பவராகவோ இருக்கலாம். அதனால் பதில் மாறத் தேவையில்லை. வற்புறுத்தினாலோ, நிரப்பாத உறையைக் கேட்டாலோ, அவர் முன்னிலையில் அடையாளமிடச் சொன்னாலோ, கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்கும் பொலிஸுக்கும் அறிவிக்க வேண்டும்.

உறையைத் தவிர்த்து ஆளையே அனுப்புவதாயின்

நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் காலத்தில் தேர்தல் வந்தால், தபால் பொதி உங்களைத் தேடி யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ வந்து திரும்பிச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்போது பதிலாள் ஒருவரை நியமிப்பதே உகந்தது. இங்கே பேச்சில் ‘ப்ரொக்ஸி’ என்கிறோம். நீங்கள் யாருக்கு வாக்களிக்க விரும்புகிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுச் சென்றால், உங்களுக்காக அவர் வாக்களிப்பு நிலையத்தில் வாக்களிப்பார். விண்ணப்பம் வாக்களிப்பு நாளுக்கு ஆறு வேலைநாட்கள் முன் மாலை 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். திடீர் நோய் போன்ற அவசர நிலையில் வாக்களிப்பு நாள் மாலை 5 மணி வரை கேட்கலாம். பதிலாள் தம்முடைய புகைப்பட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், உங்களுடையதை அல்ல. ஒருவர் அதிகபட்சம் நான்கு பேருக்கே பதிலாளாக இருக்கலாம்; அந்த நால்வரில் உள்நாட்டில் பதிவானவர்கள் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது, மற்றவர்கள் வெளிநாட்டில் வாழும் பிரித்தானிய வாக்காளராகவோ படைத்துறை வாக்காளராகவோ இருக்க வேண்டும். ஆகவே விடுமுறைக்குப் போகும் மூன்று நண்பர்கள் ஒரே ஆளை நம்ப முடியாது.

பொதி வராவிட்டால், அல்லது கெட்டுப்போனால்

வாக்களிப்பு நாளுக்கு நான்கு வேலைநாட்கள் இருக்கும்போதும் பொதி வரவில்லை என்றால், தேர்தல் பிரிவிடம் மாற்றுப் பொதி கேட்கலாம். அடையாளமிடுவதில் தவறிவிட்டாலோ சீட்டு கிழிந்துவிட்டாலோ, அந்தப் பொதி முழுவதையும் திருப்பிக் கொடுத்து வேறொன்று பெறலாம். இரண்டுக்கும் வாக்களிப்பு நாள் மாலை 5 மணியே எல்லை. தபால் வாக்கு வழங்கப்பட்டவர், அது கையில் வராவிட்டாலும், வாக்களிப்பு நிலையத்துக்குப் போய்ச் சாதாரண வாக்குச் சீட்டுக் கேட்க முடியாது. இது தெரியாமல் வரிசையில் நின்று ஏமாந்து திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

உறை உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தும், கையொப்பமோ பிறந்த திகதியோ பதிவேட்டோடு பொருந்தாததால் நிராகரிக்கப்பட்டிருந்தால், தேர்தல் முடிந்து மூன்று மாதங்களுக்குள் அதைத் தெரிவிக்கும் கடிதம் வீட்டுக்கு வரும். அதோடு புதிய கையொப்ப மாதிரியும் கேட்கப்படலாம். என் மாமனாருக்கு அந்தக் கடிதம் ஒரு கோடைகால மதியத்தில் வந்தது. இரண்டாம் முறை படிவத்தில் அவர் தமிழிலேயே, தன் வழக்கமான நீண்ட சுழியோடு கையொப்பமிட்டார். அதன் ஒளிப்படியொன்று இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், அடுத்த பொதி வரும்போது பார்த்துப் போடுவதற்காகக் காந்தத்தால் ஒட்டப்பட்டிருக்கிறது.